தலையில் இருப்பது விக் தான்!

நாடியா டோஃபா என்ற இத்தாலியப் பெண்மணி பற்றி, தோழிகளிடம் சொல்ல ஆசை. பிரேஷா நகரில், 1979ல் பிறந்த, 'டிவி' நிருபர். 2009ல், 'லே இயேனே' நிகழ்ச்சியில் சேர்ந்து, பின் அதன் தொகுப்பாளினியும் ஆனார். 'லே இயேனே' என்றால், கழுதைப்புலிகள் என்று அர்த்தமாம்! தப்பு செய்தவர்களை வழிமறித்து, கேள்வி கேட்டு, ஒருவழி பண்ணுகிற நிகழ்ச்சி. நேபிள்ஸ் பக்கம் விஷக் கழிவுகளைக் கொட்டி எரிப்பதையும், டாரன்டோ இரும்பாலைப் புகையில் மக்கள் படும் பாட்டையும் காட்டியவர்.

2017 டிசம்பரில், வேலைக்குப் போன ஊரில் மயங்கி விழுந்தார். 2018 பிப்ரவரியில் திரும்பி வந்து, தனக்கு வந்தது புற்றுநோய் என்றும், ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆனது, தலையில் இருப்பது விக், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும், கேமரா முன் சொல்லி விட்டார். இத்தாலியிலும், நம்மைப் போலவே, 'கெட்ட வியாதி' என்று தான் பூசி மெழுகுவார்களாம். அங்கே, அழகுக்குப் பேர் போன, 'டிவி'யில், ஒரு பெண் இப்படிச் சொன்னதற்கு, எத்தனை மனோதைரியம் வேண்டும்!

ஆனால், அதே ஆண்டு எழுதிய புத்தகத்தில், புற்றுநோயை ஒரு பரிசாக மாற்றிக் கொண்டேன் என்ற கருத்தில் சொல்லப் போக, நோயாளிகள் பலர் கொதித்து விட்டனர். நானும் அவர்கள் கட்சி தான். அவர் உடம்பு, அவர் சொல்லலாம், தப்பில்லை. அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கிறவங்க, 'பாரு, அவ எப்படி சிரிச்சுக்கிட்டே இருக்கா, நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே'ன்னு கேட்டா என்ன ஆவது? வாந்தியும், வலியுமா சுருண்டு கிடக்கிறவளுக்கு, சிரிக்கிற வேலையும் சேர்த்துக் கொடுக்கணுமா? அழணும்னா அழட்டுமே!

எனக்கு அந்தப் பரிசுப் பேச்சை விட, டாரன்டோ விஷயம் தான் பெரிதாகப் படுகிறது. அங்கே, புற்றுநோய் வந்த குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு, பெற்றவர்கள் வெளியூருக்கு அலைந்தனர். ஊர்க்காரர்கள் சிலர், 'உன் மேல் பைத்தியம்' என்று, தங்கள் வட்டார பாஷையில் அச்சடித்த பனியன்களை விற்று, ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்தனர். நாடியா அதைப் போட்டுக் கொண்டு, 'டிவி'யில் விளம்பரம் செய்ய, விற்பனை பிய்த்துக் கொண்டு போனது.

நோய் திரும்பி வந்து, 2019 ஆகஸ்ட் 13ல் இறந்து விட்டார். வயது 40 தான். டாரன்டோ ஆஸ்பத்திரியின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்கு, இவர் பெயரையே வைத்திருக்கின்றனர்.

— ஒரு வாசகி, ஈரோடு.