வீட்டில் கற்ற இரண்டு சொற்கள்

திருக்கடையூர் கோயிலுக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். என் தாத்தாவின் எண்பதாம் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாத்தாவும் அப்பாயியும் மாலை மாற்றிக்கொண்டபோது, தூணோரம் ஒரு வயதான அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொம்பளைய யாருடா உள்ள விட்டது?" என்று சித்தப்பா சீறினார். அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவர் யாரென்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஒன்றரை வேலி நஞ்சையில் நடவு நட்டவர். சேரியைச் சேர்ந்தவர். இளவயதில் கணவனை இழந்தவர். தாத்தாவுக்கு அவரோடு பல ஆண்டுகள் உறவு இருந்தது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது, 'அந்தப் பொம்பளை' மட்டும்தான். தாத்தாவுக்கோ 'அந்தக் காலத்து மைனர்' என்ற பட்டம். அதைச் சொல்லும்போது ஆண்கள் சிரிப்பார்கள். அப்பாயிகூட அந்த அம்மாவைத்தான் சபித்தார், தாத்தாவை அல்ல.

துரோகத்தைப் பற்றி எந்த வீடும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. இந்த இரண்டு சொற்கள் போதும். ஆண் செய்தால் விளையாட்டு, பழி அந்தப் பெண்ணுக்கு என்பது மனதில் பதிந்துவிடுகிறது.

இதை ஆணாதிக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. சாதியின் அடிப்படை அகமணமே என்று அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார். தாத்தா சேரிப் பெண்ணோடு உறவு வைத்ததில் எங்கள் சாதி கெடவில்லை. மணந்திருந்தால் கெட்டிருக்கும். அதே தாத்தா, என் அத்தை சேரி இளைஞர் ஒருவரோடு பேசினார் என்று தெரிந்ததும் பதினைந்தே நாளில் அவரைத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்தார். வீடு கொதித்தது ஒழுக்கத்துக்காக என்றால், இருவரிடமும் கொதித்திருக்க வேண்டும்.

சட்டமும் நம் வீடுகளைப் போலத்தான் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 497ஆவது பிரிவின்படி, பிறன் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமின்றி உறவுகொள்வதே குற்றம். கைம்பெண்ணோடு உறவு குற்றமே இல்லை. துரோகம் செய்த கணவன் மீது மனைவி வழக்குத் தொடுக்கவும் வழியில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாக்கிய இந்தப் பிரிவை 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

இந்த மண்ணிலேயே இதற்கு எதிர்க்குரல் எழுந்திருக்கிறது. மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர். 1936இல் அவர் எழுதிய நாவலின் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தலைப்பின் முன்பாதி பெண்ணின் வலையைச் சொல்கிறது. பின்பாதி, மைனருக்கு மதி வரவேண்டும் என்கிறது. நம் வீடுகள் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன.

நான் துரோகத்தை நியாயப்படுத்தவில்லை. அப்பாயி பட்ட வலி உண்மை. ஆனால் அப்பாயிக்கு வாக்குக் கொடுத்தவர் தாத்தா, அந்த அம்மா அல்ல. தினக்கூலியும் குடியிருந்த மனையும் எவர் கையில் இருந்தனவோ அவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா? பத்திரிகைகள் எழுதும் 'கள்ளக்காதல்' என்ற சொல்லில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

போன வருஷம் அந்தத் தெருவுக்குப் போனேன். அந்த அம்மா இறந்துவிட்டார். அவருக்கும் தாத்தாவுக்கும் பிறந்த மகள் "வாங்க சின்னய்யா" என்றார். முறைப்படி அவர் எனக்கு அத்தை. அம்மாவின் பெயரை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை.

ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். தாத்தா செய்தது என்ன என்பதையும் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. 'மைனர்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்காத ஒரு தலைமுறை எங்கள் வீட்டிலிருந்தாவது தொடங்கட்டும்.