நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா: இந்தப் பட்டியல் சரிதானா?

"நன்மை செய்யும் பாக்டீரியா இரண்டும், தீமை செய்யும் பாக்டீரியா இரண்டும் எழுதுக." தேர்வுத்தாள்களில் நாம் அடிக்கடி காணும் வினா இது. ரைசோபியத்தை நல்லவற்றில் சேர்ப்போம். ஏதேனும் ஒரு நோய்க்கிருமியைக் கெட்டவற்றில் சேர்ப்போம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், இயற்கை இப்படிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறதா? இல்லை என்பதே என் கருத்து.

பீச், வாதுமை, ரோஜா முதலியவற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சில சமயம் கழலைகள் தோன்றும். செடி நலிந்து போகும். அக்ரோபாக்டீரியம் என்று பின்னர் பெயர் பெற்ற மண்வாழ் பாக்டீரியாவே இதற்குக் காரணம் என்று 1907இல் அமெரிக்காவில் ஸ்மித், டவுன்செண்ட் என்னும் அறிஞர்கள் கண்டறிந்தனர். அன்றே அதன் பெயர் கெட்டுவிட்டது!

ஆயினும் அதன் நெருங்கிய உறவினங்கள் பல, செடிக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் மண்ணில் வாழ்கின்றன. இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு? நோய் செய்யும் வகை ஒன்றை 37 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் வளர்த்தபோது, அது நோய் உண்டாக்கும் திறனையே இழந்துவிட்டது. 1974இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் இதன் மர்மத்தை விளக்கினர். நோய் செய்யும் பாக்டீரியாவில் முதன்மையான டி.என்.ஏ. தவிர, பிளாஸ்மிட் எனப்படும் பெரிய டி.என்.ஏ. வளையம் ஒன்றும் இருக்கிறது. அதன் ஒரு துண்டு செடியின் செல்லுக்குள் புகுந்துவிடும். பிறகு அந்த செல் கட்டுக்கடங்காமல் பெருகும். பாக்டீரியாவுக்கு உணவையும் தயாரித்துக் கொடுக்கும். வளையம் போனால் நோயும் போயிற்று.

இதைவிட வியப்பான செய்தி, இவ்வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதாகும். நமக்கு மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து வருகின்றன. பாக்டீரியாவோ அண்டை வீட்டுக்காரரிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறது! குளோவர் செடியின் வேரில் வாழும் ரைசோபியத்தின் பிளாஸ்மிட்டை அக்ரோபாக்டீரியத்துக்கு மாற்றிய ஆய்வு 1981இல் வெளியாயிற்று. கழலைக்குப் பேர்போன அந்தப் பாக்டீரியா குளோவர் வேரில் முடிச்சுகளைத் தோற்றுவித்தது. இப்போது அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

"பெயரா முக்கியம்? எல்லாவற்றையும் மருந்தடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு என்பதற்கு ஆஸ்திரேலியாவே சான்று. அடிலெய்டைச் சேர்ந்த ஆலன் கெர் என்னும் அறிஞர், கே84 என்ற தீங்கற்ற வகையை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார். அது சுரக்கும் நச்சுப்பொருள், கழலை நோய்க் கிருமிகள் பலவற்றைக் கொன்றுவிடுகிறது. நடுவதற்கு முன் நாற்றின் வேரை இந்தப் பாக்டீரியா கலந்த நீரில் தோய்த்தெடுத்தால் போதும். மண்ணில் உள்ள அனைத்தையும் அழித்திருந்தால் இந்தக் காவலனும் அழிந்திருப்பான் அல்லவா?

காவலன்மீதும் ஒரு கண் வேண்டும். நச்சைத் தயாரிக்கும் மரபணுக்களும், அந்த நச்சைத் தாங்கும் மரபணுக்களும் கே84இன் ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. அது நோய்க்கிருமிக்குக் கைமாறினால், கிருமி நச்சுக்கு அஞ்சாததாகிவிடும். எனவே கைமாற உதவும் பகுதியை நீக்கி, கே1026 என்ற வகையை உருவாக்கினர். 1980களின் இறுதியில் அது ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஒரு பாக்டீரியாவின் பெயரைக் கேட்டதும் அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். அது எந்த மரபணுக்களைச் சுமக்கிறது, எந்தச் செடியில் வாழ்கிறது, அதன் அண்டையில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தேர்வில் அந்தப் பழைய வினா வந்தால் விடையை எழுதத்தான் வேண்டும். ஆனால், வகுப்பில் ஆசிரியரிடம் இந்த எதிர்வினாவையும் கேட்டுப் பாருங்கள்.