ஆசிரியை ஏறிய விண்கலம்

1986-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி.

அமெரிக்காவில் பல பள்ளிக்கூடங்களில் அன்று காலை பாடம் நடக்கவில்லை. மாணவ-மாணவிகள் டெலிவிஷன் பெட்டியின் முன்னால் கூடி உட்கார்ந்து இருந்தார்கள்.

காரணம், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அன்று விண்வெளிக்குப் புறப்பட்டார்!

அவர் பெயர் கிறிஸ்டா மெக்காலிப். வயது 37. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கான்கார்டு என்ற ஊரில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியை. விண்வெளிக்குப் போக 11 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் மனுப்போட்டார்கள். அத்தனை பேரிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவர். விண்வெளியில் இருந்தபடியே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஏற்பாடாகி இருந்தது.

புளோரிடா கடற்கரையில் இருந்து "சாலஞ்சர்" விண்கலம் கிளம்பியது. உள்ளே ஆசிரியையுடன் சேர்த்து 7 பேர். கான்கார்டு பள்ளியில் ஒரே ஆரவாரம்!

73 வினாடி ஆயிற்று. வானத்தில் வெண்புகை பரவியது. விண்கலம் உடைந்து சிதறியது. 7 பேரும் மாண்டார்கள்.

என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுதார்கள்.

அன்று மாலை ஜனாதிபதி ரீகன் நாட்டு மக்களுக்கு ஆறுதல் கூறினார். பள்ளிப்பிள்ளைகளுக்குத் தனியாகவும் சில வார்த்தை சொன்னார்.

ஆறுதல் வேண்டியதுதான். ஆனால் ஆறுதல் மட்டும் போதுமா? "ஏன் இப்படி ஆயிற்று?" என்று குழந்தை கேட்டால், பெரியவர்கள் உண்மையைச் சொல்லவேண்டும்.

உண்மை இதுதான்:

குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறது அல்லவா? ஆவி கசியாமல் தடுப்பது அது. விண்கலத்தை உந்தித்தள்ளிய ராக்கெட்டின் இணைப்புகளிலும் அப்படி ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். விறைத்தால் நெருப்புக்காற்று கசியும்.

அந்த ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர்களுக்கு இது தெரியும். "கடுங்குளிராக இருக்கிறது. நாளைக்கு விடவேண்டாம்" என்று முதல் நாள் இரவே வாதாடினார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. பயணம் ஏற்கனவே பலமுறை தள்ளிப்போய் இருந்தது. "விடலாம்" என்று முடிவு செய்தார்கள்.

பின்னர் விசாரணை நடந்தது. ரிச்சர்டு பெயின்மன் என்ற விஞ்ஞானி ஒரு ரப்பர் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். அது விறைத்து இருப்பதை எல்லோருக்கும் காட்டினார். ஒரு தம்ளர் தண்ணீர் உண்மையைச் சொல்லிவிட்டது!

இந்தப் பாடம் நிலைத்ததா? இல்லை. 2003-ம் ஆண்டு "கொலம்பியா" விண்கலம் உடைந்து 7 பேர் இறந்தார்கள். நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களில் ஒருவர். கலம் கிளம்பும்போது இறக்கையில் அடிபட்டது. "படம் எடுத்துப் பார்க்கவேண்டும்" என்று என்ஜினீயர்கள் கேட்டார்கள். அப்போதும் மேலிடம் செவிசாய்க்கவில்லை.

இது விண்வெளிக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. "பிரேக் சரியில்லை" என்று பஸ் டிரைவர் சொல்கிறார். "சுவரில் விரிசல்" என்று கொத்தனார் சொல்கிறார். "மின்சார ஒயர் சுடுகிறது" என்று வீட்டுப்பிள்ளை சொல்கிறது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடுவது எளிது. நின்று பார்ப்பதுதான் பொறுப்பு. எச்சரிப்பவர் சிறியவரா, பெரியவரா என்று பார்க்கக்கூடாது. அவர் சொல்வது சரியா என்றுதான் பார்க்கவேண்டும்.

மெக்காலிப்புக்கு மாற்று ஆளாகப் பயிற்சி பெற்றவர் பார்பரா மார்கன். அவரும் ஆசிரியைதான். 21 ஆண்டுகள் கழித்து, 2007-ல், அவர் விண்வெளிக்குச் சென்று பத்திரமாகத் திரும்பினார்.

1986-ல் வகுப்பறையில் அழுத மாணவர்களில் பலர் இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இப்போது முடிவு எடுக்கும் நாற்காலியில் அவர்களே இருப்பார்கள். எதிரே ஒருவர் வந்து "வேண்டாம், ஆபத்து" என்று சொன்னால், அவர்கள் காது கொடுத்துக் கேட்கட்டும். அந்த ஆசிரியைக்குச் செய்யும் மரியாதை அதுவே!