ஒரு நர்சுக்கு எத்தனை உயிர்?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர்கள் ஒரு குறை சொல்கிறார்கள்: “கூப்பிட்டால் நர்ஸம்மா வருவதில்லை. வந்தாலும் எரிந்து விழுகிறார்.” குறை உண்மைதான். ஆனால் குற்றவாளி யார்? உழைக்கும் மக்கள் இதைத் தீர யோசிக்க வேண்டும்.

ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் நர்சின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி வேலைகூட அல்ல. டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார். மற்ற நேரமெல்லாம் கட்டிலருகே இருப்பது நர்ஸ். நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர், நோயாளியின் நினைவுத் தெளிவு ஆகியவற்றைப் பார்த்து, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிட்டு, இது சாதாரணமா, ஆபத்தா, டாக்டரை உடனே கூப்பிட வேண்டுமா என்று முதலில் முடிவு செய்பவர் அவரே. அந்த முடிவு தப்பினால் உயிர் தப்பாது.

விவசாயக் கூலிப் பெண் ஒருத்திக்கு நள்ளிரவில் பிரசவம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை அழுதுவிட்டது, உறவினர் முகத்தில் சிரிப்பு. ஆனால் தாய்க்குப் பெரிய கண்டம் அடுத்த 2 மணி நேரத்தில்தான் இருக்கிறது. கர்ப்பப்பை சுருங்கி இறுகாவிட்டால் இரத்தம் பெருகும். முதலில் நாடி வேகமெடுக்கும். இரத்த அழுத்தம் சரிவது பிறகுதான். அழுத்தம் சரியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, துணி நனைவதைக் கவனித்து, நாடி பிடித்துப் பார்க்கும் நர்ஸ் இருந்தால், கர்ப்பப்பை தளர்ந்திருப்பது உடனே தெரியும். அதைத் தேய்த்து இறுகச் செய்வார், மருந்து ஏற்றுவார், டாக்டரை அழைப்பார். தாய் பிழைப்பாள்.

அதே நர்ஸ் அந்த இரவில் தனியாக 30, 40 பேரைப் பார்க்க வேண்டியிருந்தால்? 15 நிமிஷம் என்பது ஒரு மணி ஆகும். கண்ணுக்குத் தெரியாமல் உயிர் வடிந்துபோகும். மறுநாள் மெமோ யாருக்கு? அந்த நர்சுக்கு! ஆளைக் குறைத்த அதிகாரிக்கு மெமோ கொடுத்தவர் உண்டா?

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவனை நாலு சைடு பார் என்றால் இழை அறும் என்பது அவனுக்குத் தெரியும். அறுந்த இழையைப் பிணைக்கலாம்; அறுந்த உயிரைப் பிணைக்க முடியுமா?

இது வெறும் வாதமல்ல, கணக்கு. அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்து ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2002ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, 30 நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். கலிபோர்னியாவில் நர்சுகள் சங்கம் கட்டிப் போராடி 1999ல் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். பொது வார்டில் ஒரு நர்சுக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது என்ற விதியைக் கவர்னர் தள்ளிப்போடப் பார்த்தார். நர்சுகள் வீதிக்கு வந்தார்கள்; கோர்ட்டுக்கும் போனார்கள்; 2005ல் வென்றார்கள். டாலர் ராஜ்யத்திலேயே தொழிலாளர் ஒற்றுமை இதைச் சாதித்திருக்கிறது!

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. போதனா ஆஸ்பத்திரிப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர், லீவுக்கு ஈடாக மேலும் 30 சதவீதம் பேர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. நோயாளி கட்டிலுக்கடியில் பாயில் கிடக்கிறார்.

தமிழ்நாட்டில் 2015ல் ஆயிரக்கணக்கான நர்சுகளைப் பரீட்சை வைத்து எடுத்தார்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று வாக்குறுதி. வாக்குறுதி காற்றில் போனது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடியபோது, “நோயாளிகள் தவிக்கிறார்கள்” என்று உபதேசம் கிளம்பிற்று. ஆளே போடாத வார்டில் நோயாளி தினமும் தவிப்பது உபதேசிகளின் கண்ணில் படவில்லை!

ஆகவே கூறுகிறோம். காலி இடங்களை உடனே நிரப்பு! கான்ட்ராக்ட் முறையை ஒழித்து நிரந்தரமாக்கு! ஒவ்வொரு ஷிப்டிலும், இரவு ஷிப்ட் உள்பட, நோயாளிக் கணக்குப்படி நர்சைப் போடு! ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதை வார்டு வாசலில் எழுதி வை! ஆபத்து என்று நர்ஸ் சொன்னால் டாக்டர் வந்தே தீர வேண்டும் என்பதை விதியாக்கு!

பணக்காரன் தனி அறையும் தனி நர்சும் அமர்த்திக்கொள்வான். நமக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியை விட்டால் கதி இல்லை. எனவே தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! வார்டில் நர்சைத் திட்டுவதால் ஒரு கட்டிலுக்கும் காவல் கிடைக்காது. நோயாளிக்கு மூச்சு வாங்கினாலோ, பிதற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஓடிப்போய் அவரிடம் சொல்லுங்கள். கோபத்தை ஆளைக் குறைத்தவர்கள் மீது திருப்புங்கள். நர்சுகள் கொடி பிடிக்கும் நாளில் ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் பக்கத்தில் நிற்கட்டும். அவர்கள் கேட்பது அவர்களுடைய கூலி மட்டுமல்ல, நம்முடைய உயிர்.