மதகுரு கேட்டது மண்ணின் உரிமை



1949-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களை நாம் மறப்பதில்லை. அத்திங்கள் 17-ஆம் நாள் கழகம் பிறந்தது. இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கூடிய கூட்டம் அந்தப் பிறப்பை நாட்டுக்கு அறிவித்தது. அதற்கு மூன்று நாட்கள் முன்பு, 14-ஆம் நாள், டில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபை இந்திக்கு ஆட்சிமொழி அரியணை அளித்தது. இவ்விரண்டு நாட்களும் நம் நெஞ்சில் கல்வெட்டாய்ப் பதிந்தவை. ஆனால், அதே திங்களின் முதல் வாரத்தில், அதே சபையில், ஒரு கிறித்தவப் போதகர் எழுந்து நின்று சின்னஞ்சிறு மலையினங்களுக்காக வாதாடினாரே, அதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய். ஊர், காசி மலை. கங்கைக் கரையிலுள்ள காசி அன்று இது. வடகிழக்கிலே, மேகங்கள் முட்டி மழையாய்க் கொட்டும் சிரபுஞ்சியைத் தன்னகத்தே கொண்ட காசி மலை. அங்கு வாழும் மக்களுக்கும் காசியர் என்றே பெயர். தாய்வழியே குடிப்பெயர் வரும் மரபினர் அவர்கள். அம்மலையிலே 1884-இல் பிறந்த இளைஞர் கல்வி கற்றார். கிறித்தவ ஊழியத்தை ஏற்றார். 'சர்ச் ஆஃப் காட்' என்னும் திருச்சபையை அம்மண்ணில் வளர்த்தார். ஈவலின் நிக்கல்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்து, மனைவியின் குடிப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். கணவன் பெயரை மனைவி சுமப்பதே இயற்கை என்று எண்ணும் நாட்டில், இது சிறு செய்தியா?

மேடையிலிருந்து மன்றத்துக்கு அவர் வந்தது 1921-இல். அவ்வாண்டு முதல் அசாம் சட்டசபையில் மலைமக்களின் குரல் அவரானார். 1937-இல் சாதுல்லா அமைச்சரவையில் இடம்பெற்றார். 1946-இல் காங்கிரசின் கோபிநாத் பர்தோலாய் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இரு வேறு முகாம்களின் அமைச்சரவைகள்; இரண்டிலும் ஒரே போதகர். பதவி நாட்டம் என்று ஒருவர் பழிக்கலாம். பழிக்குமுன், பதவியை வைத்து அவர் எதைக் கேட்டார் என்று பார்ப்பதே முறை.

இங்கே ஓர் ஐயம் எழும். எழுவதும் நல்லதே. "மதத்தையும் அரசியலையும் கலக்காதீர் என்று முழங்குகிறவர்கள் நாம். நாமா ஒரு பாதிரியாரின் அரசியலைப் போற்றுவது?" என்று பகுத்தறிவுப் பள்ளியில் பயின்ற தோழர் கேட்பார். அவருக்கு என் விடை இது: உடுப்பைப் பார்க்காதீர், ஓலையைப் பார்ப்பீர். காவியோ வெள்ளங்கியோ, அதை அணிந்து வந்தவர் சட்டத்தில் எதை எழுதச் சொன்னார் என்பதே உரைகல். தம் கடவுளுக்கு அரசின் கருவூலத்தைக் கேட்டாரா, தம் மக்களுக்கு உரிமையைக் கேட்டாரா? தந்தை பெரியாரோடு குன்றக்குடி அடிகளார் நட்புக் கொண்டிருந்தாரே, திருநீறு அந்த நட்புக்குத் தடையாக நின்றதா?

நிக்கல்ஸ் ராய் எழுதச் சொன்னது எது? அரசியல் நிர்ணய சபை, அசாமின் மலைப்பகுதிகளை ஆராயப் பர்தோலாய் தலைமையில் ஒரு துணைக்குழுவை அமைத்தது. அதில் அவர் உறுப்பினர். அக்குழு 1947 சூலையில் அளித்த பரிந்துரையே அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைக்கு அடிப்படை. மலை மாவட்டங்களுக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி மன்றங்கள். நிலத்தை எவருக்கு அளிப்பது, ஒதுக்கப்படாத காட்டை எவ்வாறு காப்பது, ஊரவையை எப்படி அமைப்பது, வாரிசுரிமையும் திருமணமும் எம்மரபில் நடப்பது என்பவை பற்றிச் சட்டமியற்றும் உரிமை அம்மன்றங்களுக்கு. வெளியிலிருந்து வரும் வட்டிக்காரரையும் வணிகரையும் கட்டுப்படுத்தும் அதிகாரமும் அவற்றுக்கே. போதகர் முன்னின்று உருவாக்கிய அவ்வட்டவணையில் திருச்சபைக்கு ஒரு பிடி மண்ணும் கேட்கப்படவில்லை. பைபிளுக்குப் பீடம் கேட்கப்படவில்லை. காடும் கழனியும் ஊரவையும் கேட்கப்பட்டன.

1949 செப்டம்பரில் இது சபைக்கு வந்தபோது சீறி எழுந்தனர் சிலர். அசாம் சமவெளியைச் சேர்ந்த குலாதர் சாலிகாவும் ரோகிணி குமார் சௌத்திரியும் கடுமையாக எதிர்த்தனர். மலைமக்களைத் தனியே நிறுத்தினால் ஒருமைப்பாடு உடையும் என்றனர். பழகிய குரலாக இருக்கிறதா, தோழர்களே? உரிமை என்று எவன் வாய் திறந்தாலும் அவன் தலையில் 'பிரிவினை' என்ற பட்டத்தைச் சூட்டுவது டில்லியின் நெடுநாள் வழக்கம். நாமாவது ஒரு காலத்தில் தனிநாடு கேட்டோம். 1963-இல் அக்கோரிக்கையைக் கைவிட்டோம். அவரோ இந்தியாவோடு இணைந்திருப்போம் என்று தம் மக்களிடமே வாதாடியவர்! அவருக்கும் அதே பட்டம்தான்.

அவர் கலங்கவில்லை. எங்கள் மலையில் சாதியில்லை, உயர்வு தாழ்வு இல்லை. மக்களாட்சி உணர்வில் நாங்கள் பின்தங்கியவர்கள் அல்லர். ஒரு பண்பாடு மற்றொன்றை விழுங்குவது ஒற்றுமையாகாது, நல்லெண்ணத்தால் விளைவதே ஒற்றுமை என்ற கருத்துப்பட வாதிட்டார். சாதியால் சிதைந்த சமவெளி, சாதியறியாத மலைக்கு நாகரிகம் கற்பிக்கப் புறப்பட்ட வேடிக்கையை அச்சபை கண்டது.

வென்றது அட்டவணை. ஆயினும் முழு வெற்றியா? இல்லை. மாவட்ட மன்றம் இயற்றும் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். கருவூலத்தின் திறவுகோல் மாநில அரசின் இடுப்பில். பெட்டியைக் கொடுத்துப் பூட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். இது போதாது என்று காசி மக்களிலேயே பலர் சினந்தனர். 1952-இல் ஷில்லாங்கில் கருப்புக்கொடியும் பறந்தது. மரபு ஊரவையில் பெண்களுக்கு இடமில்லாதிருந்த குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தாய்வழிச் சொத்துண்டு, தாய்க்கு அவையில் குரலில்லை என்பது முரண்தானே?

1959 நவம்பர் முதல் நாள் நிக்கல்ஸ் ராய் மறைந்தார். ஓராண்டுக்குள் அவர் அஞ்சியது நடந்தது. 1960 அக்டோபரில் அசாம் சட்டசபை அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மலை பொங்கியது. வங்காளியர் வாழும் சில்சாரில் 1961 மே 19 அன்று துப்பாக்கி வெடித்து, மொழிக்காகப் பதினொருவர் மடிந்தனர். நான்கே ஆண்டுகளில் நம் தமிழ்நாட்டுத் தெருக்களில் சிந்தப்போகும் குருதிக்கு முன்னோடிக் குருதி அது! அனைத்துக் கட்சி மலைத்தலைவர் மாநாடு என்னும் இயக்கம் தனி மாநிலம் கேட்டுக் கிளம்பியது. அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் ஸ்டான்லி நிக்கல்ஸ் ராய், போதகரின் மகன். தந்தை கேட்டது மன்றம். அது போதாதபோது மகன் கேட்டது மாநிலம். 1970 ஏப்ரல் 2-இல் மேகாலயா தன்னாட்சி மாநிலமாயிற்று. 1972 சனவரி 21-இல் முழு மாநிலமாயிற்று.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அசாமை உடைத்தது அட்டவணை அன்று, மொழித்திணிப்பு. உரிமை கொடுத்ததால் பிரிந்தவர்கள் அல்லர் மலைமக்கள். கொடுத்ததைக் குறைத்து, இல்லாததைத் திணித்ததால் விலகியவர்கள். மேகாலயா மலர்ந்த அதே காலத்தில்தான், 1969-இல் கலைஞர் அரசு அமைத்த இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் நம் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அவர்களும் நாமும் ஒரே நோய்க்கு மருந்து தேடியவர்கள்.

இதை இன்று எழுதுவானேன்? தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே பொத்தேரி இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாய் இருந்த வட்டாரம். இன்று பல்கலைக்கழக நகரம். அங்கு பயில வரும் பல்லாயிரம் மாணவரில் வடகிழக்கு மலைகளின் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பார்த்து, "நீ சீனாவா, நேபாளமா?" என்று கேட்கும் வாய்கள் நம் வட்டாரத்திலும் இருக்கின்றன. வடநாட்டில் நம்மையெல்லாம் 'மதராசி' என்று ஒரே மூட்டையில் கட்டியபோது நமக்கு வலித்ததே! அந்த வலியை நாம் மற்றவர்க்குத் தரலாமா? யாதும் ஊரே என்று உலகுக்குச் சொன்ன இனத்துக்கு அது அழகா?

போராட்டம் முடிந்துவிடவும் இல்லை. 2019-இல் ஒன்றியப் பகுதியாக்கப்பட்ட லடாக்கின் மக்கள், எங்கள் மண்ணுக்கும் ஆறாவது அட்டவணை வேண்டும் என்று கேட்டனர். 2025 செப்டம்பர் 24 அன்று லே நகரில் நால்வர் உயிரிழந்தனர். போதகர் வாதாடிப் பெற்ற ஏட்டை, பனிமலை மக்கள் உயிர் கொடுத்துக் கேட்க வேண்டிய நிலை!

ஆகவே, தோழர்களே, மாநில சுயாட்சி என்பது தமிழ்நாட்டின் தனிச்சிணுங்கல் என்று எவரேனும் ஏளனம் செய்தால், காசி மலையைக் காட்டுங்கள். படிப்பகங்களில் நிக்கல்ஸ் ராயின் கதையைப் பேசுங்கள். பொத்தேரியின் மலைநாட்டு மாணவரை அழைத்து அவர் வாயாலேயே சொல்லச் செய்து கேளுங்கள். சிறியோரின் உரிமையைக் காக்காத ஒன்றியம் பெரியோரின் உரிமையையும் காக்காது. அவர்களுக்காக நாம் பேசும் நாளில்தான், நமக்காக நாம் பேசுவது நாடெங்கும் கேட்கும்.