கலையா, வெறும் சமூக வரலாறா?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு பத்திரிகை நறுக்கு இருக்கிறது. 1996இல் ஓர் ஆங்கில நாளிதழில் வந்தது. மூன்றே வரி.

பெரியப்பா மகன் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்து முடித்திருந்தார். கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பதினாலு படங்களை மாட்டினார். செத்த மாட்டைக் கழியில் கட்டித் தூக்கிப் போகிற நாலு பேர். டீக்கடைக்கு வெளியே மண்ணில் குந்தியிருக்கிற எங்க தாத்தா, பக்கத்தில் அவருக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி. நடவு வயலில் குனிந்த முதுகுகள். முகமே கிடையாது, வரிசையாக முதுகுகள்தான்.

விமர்சகர் வந்தார். அண்ணனே ஓடிப்போய் டீ வாங்கி வந்து கொடுத்தார். குடித்தார். பத்து நிமிஷம் நின்றார். போய்விட்டார். அடுத்த வாரம் வந்த மூன்று வரியின் சாரம் இதுதான்: வேகம் இருக்கிறது, பக்குவம் இல்லை, இவற்றை ஓவியங்கள் என்பதைவிடச் சமூக ஆவணங்கள் என்று சொல்லலாம். அதே பக்கத்தில் மேலே அரைப் பக்கத்துக்கு இன்னொரு கண்காட்சியைப் பற்றி எழுதியிருந்தார். தாமரைக் குளங்கள். அந்தக் குளத்தில் 'மௌனம்' இருந்ததாம், 'பிரபஞ்ச லயம்' இருந்ததாம்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் பெரியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "நல்லாருக்குன்னு போட்டிருக்கானா, நல்லால்லன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புள்ள பேரு பேப்பர்ல வந்துடுச்சே என்று மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டது.

படம் ஒன்றும் விற்கவில்லை. அண்ணன் பேனர் எழுதப் போனார். 2000க்குப் பிறகு பிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பையும் தின்றது. இப்போது பள்ளிக்கூடச் சுவர்களில் திருவள்ளுவரும் ஔவையாரும் வரைகிறார். சதுர அடிக் கணக்கில் கூலி.

மூன்று வரி ஒரு மனுஷனை அழித்துவிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். மூன்று வரி அழிக்காது. அதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு அழிக்கும்.

பத்திரிகை விமர்சகர் எழுதுவதை வெறும் கருத்து என்று நினைக்காதீர்கள். அந்த நறுக்கை ஓவியன் தன் கோப்பில் ஒட்டி வைக்கிறான். அடுத்த காட்சிக்கூடத்துக்காரர், உதவித்தொகை கொடுக்கிற குழு, படம் வாங்குகிற கம்பெனி, எல்லாரும் அந்தக் கோப்பைத்தான் புரட்டுகிறார்கள். அதே விமர்சகர் நாளைக்குப் பரிசுக் குழுவில் உட்காருவார். கண்காட்சிக் கையேட்டுக்கு முன்னுரை எழுதுவார். விமர்சனம் என்பது ரேஷன் கார்டு மாதிரி. அது இல்லாதவனுக்கு அரிசி கிடையாது.

இந்தப் பேனாவின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1874இல் பாரிசில் லூயி லெருவா என்பவர் 'லெ ஷாரிவாரி' பத்திரிகையில், மோனேயின் ஒரு படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார். அந்தக் கேலியே 'இம்ப்ரஷனிசம்' என்று ஓர் இயக்கத்துக்குப் பெயராகிவிட்டது. பம்பாயில் கார் துடைத்துப் பிழைத்தவர் கே.எச். ஆரா. அவருடைய கையில் இருந்த ஓவியத்தைக் கண்டு ஊக்கம் கொடுத்தவர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் விமர்சனம் எழுதிய ரூடி வான் லைடன். 1942இல் ஆராவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 1947இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். நல்லது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால், கார் துடைக்கிறவர் ஓவியராக அடையாளம் பெற ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவரின் கண் வேண்டியிருந்தது. ஏன், இங்கே பிறந்தவர்களின் கண்ணுக்கு என்ன கேடு? அதோடு, ஒருவருக்குக் கிடைத்த ஆதரவு மற்றவர்களுக்கு உரிமையாகிவிடாது.

'சமூக ஆவணம்' என்ற அந்த வார்த்தைக்கு வருவோம். எங்கள் ஊர் விமர்சகர் அதைச் சொந்தமாகக் கண்டுபிடித்தார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது கடல் கடந்த சரக்கு.

1976இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்தில் டேவிட் டிரிஸ்கெல் என்ற கறுப்பின ஓவியர், அமெரிக்கக் கறுப்பர்களின் இரண்டு நூற்றாண்டுக் கலையைத் திரட்டி வைத்தார். 1750 முதல் 1950 வரை, 200க்கும் மேற்பட்ட படைப்புகள். அடிமைக் காலத்திலேயே தொடங்குகிற கணக்கு அது. அடுத்த வருஷம் அந்தக் கண்காட்சி நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஹில்டன் கிரேமர் அதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது கறுப்பர் கலையா அல்லது வெறும் சமூக வரலாறா என்ற கேள்விதான். அந்த 'வெறும்' என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. விஷம் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக் கேட்டதால் கிரேமருக்கு ஏதாவது நஷ்டமா? 1965இல் அந்தப் பத்திரிகையில் சேர்ந்தவர் 1982 வரை அங்கேயே இருந்தார். பிறகு வெளியே வந்து, 'தரம்' காக்கவென்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். 2012இல் இறந்தார். அதே 2012இல், அதே நியூயார்க் டைம்ஸில், கென் ஜான்சன் என்ற இன்னொரு விமர்சகர் லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பர்களின் கலையைப் பற்றி எழுதினார். 1965இல் வாட்ஸ் பகுதியில் கிளர்ச்சி நடந்து முடிந்ததும், எரிந்து கிடந்த குப்பையைப் பொறுக்கிச் சிற்பம் செய்தாரே நோவா பூரிஃபாய், அவரும் அந்தக் கண்காட்சியில் இருந்தார். விமர்சகர் சொன்னது என்ன? கிடைத்த பொருள்களைக் கோத்துச் செய்கிற இந்த முறையைக் கறுப்பர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிக்காசோ போன்ற வெள்ளையர்கள் வளர்த்தது என்றார். அந்தப் பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளிடம் பாடம் கேட்டவர் என்பதை யார் சொல்வது? கலைஞர்களும் அறிஞர்களும் திரண்டு கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். 35 வருஷம். ஆள் மாறினான், கேள்வி மாறவில்லை. நீ செய்தது கலையானால் அது உன்னுடையதல்ல. உன்னுடையதானால் அது கலையல்ல. இரண்டு பக்கமும் பூட்டு.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தலித் எழுத்துக்கும், இங்கே கேட்ட கேள்வி இதுதானே? இலக்கியமா, சமூகவியலா? அழகியல் எங்கே?

நான் திருப்பிக் கேட்கிறேன். அந்தத் தாமரைக் குளம் யாருடைய குளம்? அதில் யார் இறங்கலாம்? யார் இறங்கினால் தீட்டு? 1927இல் மகாடில் ஒரு குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கு அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடக்க வேண்டியிருந்தது. குடித்ததற்கு அடி விழுந்தது. குளத்தின் 'மௌனம்' என்கிறீர்களே, அது யாரை விரட்டிவிட்டு வந்த மௌனம்? தாமரைக் குளமும் சமூக வரலாறுதான். கரையில் உட்கார இடம் கிடைத்தவனின் சமூக வரலாறு. அதற்குக் கலை என்று பெயர் வைத்துவிட்டு, கரைக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வரைந்தால் மட்டும் ஆவணம் என்கிற இந்தப் பெயர் சூட்டும் அதிகாரம்தான் பிரச்சினை.

இன்றைக்கு உலகம் பூராவும் நாளிதழ்கள் கலை விமர்சகர் வேலையைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. விமர்சனம் செத்துவிட்டது என்று ஒப்பாரி கேட்கிறது. நான் அழவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. அந்த நாற்காலியில் சேரிப் பிள்ளை யாரும் வந்து உட்காரவில்லை. விளம்பரமும் ஏல விலையும்தான் உட்கார்ந்திருக்கின்றன. விமர்சகனையாவது எதிர்த்து எழுதலாம். ஏல விலையை எப்படி எதிர்த்து எழுதுவது?

கறுப்பர்கள் கண்டனத்தோடு நிற்கவில்லை. 1943லேயே ஜேம்ஸ் போர்ட்டர் தங்கள் நவீன ஓவியத்துக்குத் தாங்களே வரலாறு எழுதினார். 1976இல் சமெல்லா லூயிஸ் தங்கள் கலைக்கென்றே பத்திரிகை தொடங்கினார். நம்மிடம் பத்திரிகைக்கா பஞ்சம்? 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்', 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்', 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்'. இவ்வளவு பெரிய மரபு இருந்தும் ஓவியத்துக்கு நாம் என்ன செய்தோம்?

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். அண்ணனிடம் நம் ஆட்கள் எத்தனை அட்டைப்படம் வாங்கியிருக்கிறோம்! மாநாட்டுக்கு எத்தனை பதாகை! கூலி கொடுத்தது பாதிதான். பேர் போட்டது அதிலும் பாதி. படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியது? ஒருமுறைகூட இல்லை. கட்டுரைக்கும் கட்டுரைக்கும் நடுவே வெள்ளையாக விட்ட இடத்தை அடைக்கத்தான் அவர் படம் நமக்குப் பயன்பட்டது. அந்த ஆங்கில விமர்சகராவது மூன்று வரி எழுதினார். நாம் அதுவும் எழுதவில்லை.

ஆகவே நானே தொடங்குகிறேன். முதுகுகள் படம் இன்னும் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன மாசம் இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். ஒன்பது முதுகுகள். எட்டு குனிந்திருக்கின்றன. ஓரத்தில் இருக்கிற ஒன்பதாவது, பாதி நிமிர்ந்திருக்கிறது. வலியால் நிமிர்கிறதா, யாரையோ பார்க்க நிமிர்கிறதா, தெரியாது. அந்தத் தெரியாமைதான் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. சேற்றின் பழுப்பும் தோலின் பழுப்பும் ஒன்றில் ஒன்று கரைகிற இடங்கள் அபாரம். வானத்தை அவசரமாக முடித்திருக்கிறார், அது குறை. அந்தக் குறையைச் சொல்லவும் ஆள் வேண்டும். பக்குவம் இல்லை என்று மொத்தமாகத் தள்ளுவது விமர்சனம் இல்லை. எங்கே, ஏன் என்று சொல்வதுதான் விமர்சனம்.

மாணவத் தோழர்களே, உங்க ஊரிலும் ஒரு பரண் இருக்கும். ஏறிப் பாருங்கள். இறக்கி வைத்து, பார்த்ததை எழுதுங்கள். எந்தக் கண்ணாடியையும் கடன் வாங்காதீர்கள்.

பெரியம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த இதழைக் கொண்டுபோய்க் காட்டி, அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலைச் சொல்லியிருப்பேன்: நல்லாருக்குன்னு போட்டிருக்கேன், பெரியம்மா. ஏன் நல்லாருக்குன்னும் போட்டிருக்கேன்.