கட்டாயச் சேவை எவர் தோள்மீது?



இளைஞர் அனைவரையும் ஈராண்டு நாட்டுப்பணியில் கட்டாயமாக ஈடுபடுத்துக என்கின்றனர் சிலர். விளாங்குடிக் கூலித் தொழிலாளியின் மகனும் மதுரை மாளிகைவாசியின் மகனும் ஒரே வரிசையில் நின்று, ஒரே பந்தியில் உண்பார்களானால் நாம் வெறுப்போமா? சாதி மறந்து பழகும் வாய்ப்பு அதிலே உண்டு, மறுப்பதற்கில்லை.

ஆனால், முன்பு நடந்தது என்ன? சீனப் போருக்குப் பின், 1963-இல், கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாயிற்று. கட்டளைச் சொற்களோ இந்தி! 1965 சனவரியில் இதே மதுரை வீதிகளில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்டனர் மாணவர். அணிவகுப்புத் திடலிலோ அந்த மொழி கேட்டே காலெடுத்து வைக்க வேண்டியிருந்தது! அச்சொற்களை அகற்றுக என்று 1968 சனவரி 23-இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றிற்று. அதே ஆண்டில் நாடெங்கும் கட்டாயமும் நீங்கிற்று. மறு ஆண்டு பிறந்த நாட்டு நலப்பணித் திட்டம், விரும்பி வருவோரைக் கொண்டே இன்றும் நடக்கிறது.

அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு, பொதுநோக்கத்துக்குக் கட்டாயச் சேவை விதிக்க இடந்தருகிறது. சமயம், இனம், சாதி, வகுப்பு பார்த்து வேற்றுமை காட்டலாகாது என்ற நிபந்தனையோடு. ஏட்டிலே நன்று. வியத்நாம் போரின்போது அமெரிக்காவிலே கல்லூரியில் படிப்போர்க்கு ஒத்திவைப்புச் சலுகை இருந்தது. கல்லூரி வாயிலைக் காணாத ஏழைப் பிள்ளைக்கு அது ஏது?

எனவே, சட்டத்தோடு எவரேனும் வருவாரானால் கேளுங்கள்: மகனின் கூலியால் அடுப்பெரியும் வீட்டுக்கு, அந்த ஈராண்டும் மாதந்தோறும் என்ன தருவீர்? கட்டளை எம்மொழியில்?